தேக்கில் செதுக்கிய ஏர் ரைஃபிள் ஸ்டாக்: பல மழைக்காலம் தாண்டிய பிறகு

பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் குண்டின் துல்லியம் குழலோடு பிறந்தது. நல்ல மேட்ச் ரைஃபிளைப் பிடிப்பானில் இறுக்கி ஐந்து பெல்லட் சுட்டால் எல்லாம் ஒரே ஓட்டையில் போகும். 4.5 மி.மீ. பெல்லட்டுக்கு அந்த ஓட்டையின் வெளிவிளிம்பு ஐந்தரை, ஆறு மி.மீ.க்குள் அடங்கிவிடும். அதை வீட்டுப் பட்டறையில் யாரும் மேம்படுத்த முடியாது, முயலவும் கூடாது. நாம் செய்யக்கூடியது ஸ்டாக்: துப்பாக்கி உடம்பில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே அழுத்தத்தில் வந்து உட்கார வைக்கும் கட்டை. இலக்கில் 0.1 புள்ளி என்பது 0.25 மி.மீ. தூரம்தான். கன்னம் கொஞ்சம் நகர்ந்தாலே அது போய்விடும்.

இந்த அமைப்பில் ஆக்‌ஷன் (பெல்லட்டை ஏற்றிச் சுடும் இயந்திரப் பகுதி), குழல், காற்றுச் சிலிண்டர், ட்ரிகர், சைட் (குறிபார்க்கும் கருவி) எல்லாம் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. பட் பிளேட் (தோளில் அமரும் தகடு), சீக் பீஸ் (கன்னம் சாயும் துண்டு) இரண்டின் உலோகப் பகுதிகளும் வாங்கியவை. மரம் மட்டுமே கைவேலை. காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைத் திருகி வேகத்தைக் கூட்டும் யோசனை பலருக்கு வரும். வேண்டாம். 0.53 கிராம் பெல்லட் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது ஆற்றல் எட்டு ஜூலுக்கும் குறைவு. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை என்பதால் நாம் வசதியான இடத்தில் இருக்கிறோம். வேகம் கூடினால் புள்ளி கூடாது, சீல்கள்தான் சீக்கிரம் போகும்.

மரத்துக்கு வருவோம். ஐரோப்பியக் கட்டைகள் பெரும்பாலும் வால்நட் அல்லது ஒட்டுப்பலகை. நம் ஊரில் கிடைப்பவற்றில் ஈட்டி அழகானது, ஆனால் கன மீட்டருக்கு 850 கிலோ பக்கம் வரும். தேக்கு சுமார் 650 கிலோ, வால்நட்டுக்குச் சமம். ஈரத்துக்குக் குறைவாகவே அசையும். ஏ.சி. அரங்கிலிருந்து ஐப்பசி மழைக்குள் எடுத்துப் போகும்போது மரத்தின் ஈரம் பத்து சதவீதத்திலிருந்து பதினைந்துக்கு ஏறலாம். அப்போது 45 மி.மீ. தடிமனுள்ள தேக்கு, ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 0.4 மி.மீ. உப்பும், வளையத்துக்குக் குறுக்கே அதில் பாதிதான். அதனால் வளையங்கள் பலகையின் தடிமனுக்குச் செங்குத்தாக வெட்டும்படி அறுத்த துண்டாகக் கேட்டு வாங்க வேண்டும். அறுவை மில்லில் முனையைப் பார்த்தாலே தெரியும். வைரம் (மரத்தின் நடுப்பகுதி) மட்டும் போதும், வெள்ளைப் பகுதி ஒரு விரற்கடைகூட வேண்டாம். பழைய வீட்டு உத்தரத்துத் தேக்கு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை; பல பத்தாண்டுகள் காய்ந்தது. அதில் முறிந்த ஆணி இருக்கும், காந்தத்தால் தடவிப் பார்த்துவிட்டு ரம்பம் போடவும்.

750 × 150 மி.மீ. அளவில் மூன்று பலகைகளை ஒட்டி 45 மி.மீ. தடிமனாக்குவது ஒரே கட்டையைவிட மேல். ஒன்று முறுக்கினால் மற்ற இரண்டு பிடித்து நிறுத்தும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, அதுதான் ஒட்டலைக் கெடுக்கும். ஒட்டும் முகங்களை இழைத்தவுடன் அசிட்டோனால் துடைத்து, அரை மணிக்குள் மெதுவாக இறுகும் வகை ஆரல்டைட் (எபாக்ஸிப் பசை) பூச வேண்டும். முந்தின நாள் இழைத்த முகத்தில் பூசினால் ஒரு வருடம் கழித்து அடுக்குக்கு இடையில் மயிரிழைக் கோடு தெரியும். கிளாம்பை வெறிகொண்டு இறுக்கவும் கூடாது, பசை முழுக்க வெளியே வழிந்துவிடும். தேக்கில் மணல் சத்து இருப்பதால் உளி வேகமாக மழுங்கும், அடிக்கடி சாணை பிடிக்க வேண்டிவரும். தூள் மூச்சுக்கு ஆகாது, முகமூடி கட்டாயம்.

உளியைத் தொடும் முன் அளவு. இங்கேதான் பெரும்பாலான ஸ்டாக்குகள் கெட்டுப் போகின்றன. அளவெடுக்கும்போது சுடும் ஜாக்கெட், கால்சட்டை, பூட்ஸ், இடது கை உறை எல்லாம் போட்டிருக்க வேண்டும். டி-ஷர்ட்டில் எடுத்த அளவு, ஜாக்கெட் போட்டதும் நீளமாகிவிடும். முதலில் ப்ளைவுட்டில் மலிவாக ஒரு மாதிரி செய்து, அதில் ஆக்‌ஷனைப் பூட்டி, பட் பிளேட்டையும் சீக் பீஸையும் நகர்த்தி நகர்த்திச் சில வாரம் சுட்டுப் பார்க்கவும். கண்ணை மூடி நின்று, திறக்கும்போது சைட் தானாக இலக்கின் உயரத்தில் இருக்க வேண்டும். கழுத்து நிமிர்ந்திருக்க வேண்டும். தலையைத் துப்பாக்கிக்குக் கொண்டுபோகக் கூடாது, துப்பாக்கி தலைக்கு வர வேண்டும். இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றி, எடை எலும்பு வழியே தரைக்கு இறங்க வேண்டும். அதற்கு எட்டாவிட்டால் முன்கட்டையின் அடியில் உயரம் கூட்ட வேண்டும். மாதிரியில் அளவு இனி மாறவில்லை என்று தெரிந்த பிறகுதான் தேக்கு.

ஆக்‌ஷன் உட்காரும் பள்ளத்துக்கு அதிக நேரம் ஒதுக்கவும். குழலும் சிலிண்டரும் எங்கும் மரத்தைத் தொடக்கூடாது, சுற்றிலும் குறைந்தது ஒரு மி.மீ. இடைவெளி வேண்டும். காற்று ஏற்றும்போது சிலிண்டரும், மழையில் மரமும் சற்றே பருக்கும். இரண்டும் சந்தித்தால் மோதும் புள்ளி நாளுக்கு நாள் இடம் மாறும். ஆக்‌ஷன் மட்டும் எபாக்ஸிப் படுகையில் (அதன் அடி வடிவத்துக்கே ஊற்றி இறுகவிட்ட தளம்) முழுதாக அமர வேண்டும். எம்6 போல்ட் போகும் துளையில் வெளிவிட்டம் 12, உள்விட்டம் 7 மி.மீ. உள்ள அலுமினியக் குழாய்த் துண்டு வைத்து ஒட்டவும். போல்ட்டின் தலை இந்தத் துண்டின் மேல் அமர வேண்டும், மரத்தின் மேல் அல்ல. இது இல்லாத ஸ்டாக்கில் போல்ட் மழையில் இறுகும், வெயிலில் தளரும்; பூஜ்ஜியம் (சைட் காட்டும் இடத்தில் குண்டு விழும்படி வைத்த அமைப்பு) மாதா மாதம் நகரும்.

எபாக்ஸி ஊற்றும் முன் ஆக்‌ஷனின் எல்லாத் துளைகளையும் பள்ளங்களையும் மாடலிங் களிமண்ணால் அடைத்து, உலோகம் முழுக்க மெழுகு பாலிஷ் இரண்டு முறை பூசித் துடைக்கவும். ஒரு துளை விட்டுப்போனால் எபாக்ஸி அதற்குள் புகுந்து பூட்டிக்கொள்ளும்; ஆக்‌ஷனை எடுக்கக் கட்டையை உடைக்க வேண்டியிருக்கும். ஸ்டீல் பொடி கலந்த எபாக்ஸி நல்லது. ஆக்‌ஷனை அதன் எடையிலேயே அமர விடவும், போல்ட்டால் இழுத்து இறுக்கினால் அந்த வளைவும் சேர்ந்து உறைந்துவிடும். ஒரு நாள் முழுக்கக் கை வைக்க வேண்டாம். பிறகு சோதனை: டயல் கேஜை (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) குழலில் பொருத்தி, முள் முன்கட்டையின் முனையைத் தொடும்படி வைத்து, போல்ட்டை மெதுவாகத் தளர்த்தவும். முள் 0.05 மி.மீ.க்கு மேல் ஓடினால் படுகை ஆக்‌ஷனை வளைக்கிறது, சுரண்டி மீண்டும் ஊற்ற வேண்டும். போல்ட்டின் முறுக்கு, தயாரிப்பாளர் கையேடு சொன்ன எண்ணாகவே இருக்கட்டும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதில் பொருளில்லை.

கைப்பிடியை மரத்தில் கொஞ்சம் ஒல்லியாகச் செதுக்கி, மேலே எம்-சீல் அப்பி, கையில் கிளிங் ஃபிலிம் சுற்றிக்கொண்டு, சுடும் நிலையில் நின்றபடி பிடித்து அச்செடுப்பது சுலபமான வழி. உட்கார்ந்து பிடித்த அச்சு உதவாது, மணிக்கட்டின் கோணமே வேறு. விரல் நுனியின் சதை ட்ரிகரில் நேராகப் பின்னோக்கி அழுத்தும்படி பார்க்கவும். ஒரு எச்சரிக்கை: பிதுங்கும் பசை, உள்ளங்கையின் அடியில் இயல்பாகவே ஒரு திண்ணை கட்டும். பிடிக்கச் சுகமாக இருக்கும், ஆனால் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) விதி அதை அனுமதிப்பதில்லை. கட்டைவிரல் துளைக்கும் அதே தடைதான். போட்டிக்குக் கொண்டுபோவதாக இருந்தால் அரத்தால் ராவிவிடவும். மற்ற அளவு வரம்புகளுக்கு நடப்பு விதிநூலைப் பார்த்துவிட்டே கடைசி வடிவம் கொடுக்கவும்.

நீண்ட காலத்தில் எது நின்றது, எது நிற்கவில்லை?

படுகை அசையவே இல்லை. ஒட்டல் சரியாக இருக்கிறது. தோற்றது மேல்பூச்சு. ஆளி விதை எண்ணெய் பூசிய கட்டை பார்க்க அருமை, தொடக் கதகதப்பு. ஆனால் வியர்வையும் கடற்கரைக் காற்றும் சேர்ந்தால் கைப்பிடி ஒரே கோடையில் கறுத்துப் பிசுபிசுக்கிறது. பாலியூரித்தேனைத் துணியால் மெல்லியதாக நான்கு ஐந்து முறை தேய்ப்பதுதான் இந்தத் தட்பவெப்பத்துக்குச் சரி. இடையிடையே 400 எண் உப்புத்தாள். வெளியே கண்ணாடிபோல் பூசிவிட்டு உள்ளே பச்சை மரமாக விடுவது பரவலான தவறு. ஆக்‌ஷன் பள்ளத்தின் உட்புறம், பட் பிளேட்டுக்குப் பின்னால் இழை வெட்டுப்பட்ட முனை, போல்ட் துளைகளின் சுவர் ஆகியவைதான் ஈரத்தைக் குடிக்கும் வாய்கள். முதலில் அவற்றை அடைக்க வேண்டும்.

அடுத்தது மரை. மரத்தில் நேரடியாகத் திருகிய ஸ்க்ரூ, அடிக்கடி மாற்றும் இடத்தில் சில மாதங்களில் வழுக்கும். எல்லா இணைப்புக்கும் பித்தளை இன்செர்ட்டை எபாக்ஸியோடு புதைத்து, ஸ்டெயின்லெஸ் போல்ட் போடவும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அலுமினிய மரையில் உலர்வாகத் திருகினால் உப்புக் காற்றில் கடித்துக்கொள்ளும், ஒரு துளி கிரீஸ் போதும். சீக் பீஸின் தண்டில் நிரந்தர மையால் கோடு கிழித்து வைப்பது நல்ல பழக்கம். அது சரிவது கண்ணுக்குத் தெரியாது, புள்ளியில் மட்டும் தெரியும்.

மொத்த எடை சைட்டோடு சேர்த்து 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது. ஆகவே செதுக்கும்போதே தராசு பக்கத்தில் இருக்கட்டும். மரம் குறைவாக, பின்னால் சேர்க்க எடைத் துண்டுகள் அதிகமாக என்பதே நல்ல கணக்கு. சமநிலைப் புள்ளி இடது கைக்குச் சற்று முன்னால் வந்தால் குழல் அமைதியாக நிற்கும். நூறு கிராம் முன்னே போனாலே வேறு துப்பாக்கி போலத் தெரியும். கீழ்முதுகு வலித்தால் எடை அதிகம், அதில் பெருமை வேண்டாம்.

ட்ரிகரை எவ்வளவு இலகுவாக வைத்தாலும் ஒரு சோதனை வேண்டும். பெல்லட் இல்லாமல், குழல் பாதுகாப்பான திசையைப் பார்த்தபடி, காக் செய்து பட் பிளேட்டை ரப்பர் விரிப்பில் தட்டவும். விடுபட்டால் அது ஆபத்தான அமைப்பு, ட்ரிகரை அழுத்தத் தேவையான எடையை ஏற்றவும். முன் சைட்டில் 4.0 மி.மீ. வளையத்தில் தொடங்கலாம். இலக்கின் கறுப்பு 30.5 மி.மீ.; அதைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரிய வேண்டும். வளையத்தைச் சிறிதாக்கினால் துல்லியம் கூடும் என்று தோன்றும், உண்மையில் கண் தயங்கத் தொடங்கி ட்ரிகர் தாமதமாகும்.

சிறுவர்களுக்கு இந்த வேலையைப் பரிந்துரைக்க மாட்டோம். வளரும் உடம்புக்கு எல்லா மூட்டும் நகரும் அலுமினிய ஸ்டாக்தான் சரி. தேக்கு, அளவு நிலைத்துவிட்ட பெரியவர்களுக்கு. அவர்களுக்கு அலுமினியம் தராத ஒன்றை அது தருகிறது: ஏ.சி. குளிரில் கன்னத்தில் சில்லிடாது; பெல்லட் வெளியேறும் அதிர்வு கைக்கு மெத்தென்று வரும், அதனால் சுட்ட பிறகும் நிலையில் நிற்பது எளிதாகிறது.

ஸ்டாக்குக்குச் சம்பந்தம் இல்லாதது போலத் தோன்றினாலும் காற்றைப் பற்றி ஒன்று. ஈரமான ஊரில் கைப்பம்பு சிலிண்டருக்குள் தண்ணீரையும் ஏற்றும். உலர்த்தி இணைத்த பம்பு அல்லது டைவிங் சிலிண்டரிலிருந்து நிரப்புவது மேல். 200 பார் என்று எழுதியிருந்தால் 200 பார்தான். ஓ-ரிங்குகளுக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும். பெட்ரோலிய எண்ணெய் அழுத்தக் காற்றில் தீப்பற்றக்கூடும். சிலிண்டரில் பொறித்த தேதியிலிருந்து தயாரிப்பாளர் சொன்ன ஆயுள், பெரும்பாலும் பத்து ஆண்டு, முடிந்ததும் மாற்றிவிட வேண்டும். போட்டியில் ஆயுதச் சோதனை மேசையில் அந்தத் தேதியையும் பார்க்கலாம். புதிய சிலிண்டர் பழையதைவிட ஒரு மி.மீ. பருமனாக வந்தாலும் நுழையும்படி முன்கட்டையின் பள்ளத்தை இன்றே சற்று அகலமாக வெட்டி வைக்கவும்.