0.96 அங்குல ஓஎல்இடி திரையில் க்யூஆர்: எதுவரை தாங்கும்?

எஸ்எஸ்டி1306 என்ற கட்டுப்படுத்தும் சிப் வைத்த 128×64 பிக்சல் திரை, குட்டி இணைய முகவரி ஒன்றை க்யூஆர் குறியீடாகக் காட்டப் போதும். அதற்கு மேல் ஏற்றினால் கைவிரித்துவிடும். இடிப்பது அகலம் அல்ல, 64 பிக்சல் உயரம்.

குறியீட்டில் உள்ள ஒவ்வொரு சிறு சதுரமும் ஒரு கட்டம்; குறியீட்டைச் சுற்றி நான்கு கட்டம் வெற்று ஓரம் விட வேண்டும். வெர்ஷன் என்பது குறியீட்டின் அளவு: வெர்ஷன் 1-க்குப் பக்கத்துக்கு 21 கட்டம், ஓரத்தோடு 29. கட்டத்துக்கு 2 பிக்சல் போட்டால் 58, நன்றாகவே அடங்கும். வெர்ஷன் 2 ஓரத்தோடு 66 பிக்சல் கேட்கும். மேலும் கீழும் அரை அரைக் கட்டம்தான் குறைகிறது, கவலையில்லை. வெர்ஷன் 3-இல் குறியீடே 58 பிக்சலைத் தின்றுவிடும். மேலே மூன்று, கீழே மூன்றுதான் மிச்சம். அது ஸ்கேன் ஆவதும் ஆகாததும் ஃபோனின் கையில். வெர்ஷன் 4-ஐ மறந்துவிடலாம்.

எனவே எழுத்தைச் சுருக்குங்கள். வெர்ஷன் 2, பிழைதிருத்தம் குறைந்தபட்ச 'எல்' நிலையில் 32 பைட் கொள்ளும். எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருந்தால் 47 வரை போகும். டொமைன் பெயரைப் பெரிய எழுத்தாக்கலாம், அதன் பின் வரும் பாதையில் கவனம். ஒரே ஒரு சிறிய எழுத்தோ கேள்விக்குறியோ நுழைந்தாலும் 32 மட்டும் கொள்ளும் பைட் முறைக்குப் போய்விடும்.

குறியீட்டை உருவாக்க, ரிக்மூ என்பவரின் க்யூஆர்கோட் லைப்ரரி சிக்கனமானது: வெர்ஷன் 3-க்கு பஃபர் (குறியீட்டை வைக்கும் நினைவக இடம்) 106 பைட். ஆனால் கொள்ளளவை மீறிய எழுத்தை அது தடுக்கும் என்று நம்ப வேண்டாம். நீளத்தை நீங்களே சரிபாருங்கள். ஆர்டுயினோ ஊனோ போர்டின் 2048 பைட் ரேமில் அடாஃப்ரூட் திரை லைப்ரரி மட்டும் 1024 எடுத்துக்கொள்ளும். நெருக்கடி என்றால் யூ8ஜி2 என்ற திரை லைப்ரரியின் பக்க முறைக்கு (திரையைத் துண்டு துண்டாக வரைவது) மாறுங்கள்.

பலர் சறுக்குவது நிறத்தில். இங்கே எரியும் பிக்சல்தான் வெள்ளை. கறுப்புக் கட்டங்களை எரியவிட்டால் தலைகீழ்ப் படம் வரும், சில ஸ்கேனர்கள் அதைப் படிக்காது. முதலில் 64×64 வெள்ளைச் சதுரம் நிரப்பி, அதன்மேல் கறுப்பு வரையுங்கள்.

இருட்டில் வெள்ளை கசிந்து கறுப்புக் கட்டங்களை விழுங்கினால் கான்ட்ராஸ்ட்டைக் குறையுங்கள் (ஹெக்ஸ் 81 கட்டளை). கேமராவில் பட்டை ஓடினால் டி5 கட்டளைக்கு (இந்த எண்களும் ஹெக்ஸ்) 80-க்குப் பதில் எஃப்0 கொடுங்கள், திரை வேகமாகப் புதுப்பிக்கும்.

மஞ்சள்-நீல இருநிறத் திரையை இதற்கு வாங்காதீர்கள். மேல் 16 வரிசை முடியும் இடத்தில் உள்ள இடைவெளி குறியீட்டின் குறுக்கே விழும். நீளமான இணைப்பு கட்டாயம் என்றால் எஸ்டி7789 சிப் வைத்த 240×240 திரை எடுங்கள்: வெர்ஷன் 3 முழு ஓரத்தோடு, கட்டத்துக்கு 6 பிக்சல் வீதம், 222-இல் முடிந்துவிடும். மாறாத குறியீட்டுக்கு 200×200 இ-பேப்பர். மின்சாரம் போனாலும் படம் நிற்கும்.