‘வாழ்நாள் சந்தா’ என்று விற்கப்பட்ட பெட்டி: பதினான்கு மாதங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கோலாலம்பூரில் ஒரு கடைத்தொகுதியின் இரண்டாம் மாடியில், கைப்பேசி உறைகள் சரமாய்த் தொங்கும் சிறு கடையொன்றில் 389 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து இந்தப் பெட்டியை வாங்கினேன். ஆண்ட்ராய்டில் இயங்கும் உள்ளங்கை அளவுக் கறுப்புப் பெட்டி. தொலைக்காட்சியில் செருகி வீட்டு வைஃபையோடு இணைத்துவிட்டால் தமிழ், மலாய், இந்தி, ஆங்கிலப் படங்கள் அனைத்தும் வந்துவிடும் என்றும், மாதக் கட்டணம் என்ற பேச்சே கிடையாது, இது வாழ்நாள் சந்தா என்றும் கடைக்காரர் உறுதி கூறினார். யாருடைய வாழ்நாள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. கடையின் பெயரை இங்கு நான் எழுதப்போவதில்லை. பெட்டியின் பெயரை எழுத முடியாது. அட்டையில் அச்சிட்டிருந்தது ஒன்று, திரையில் தோன்றியது வேறொன்று. கம்பியில்லாக் கருவிகளில் இருக்க வேண்டிய சிரிம் தரச்சான்று முத்திரையும் அதில் இல்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

நிறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடத்தில் பெட்டி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. எழுபது வயதைக் கடந்த என் மாமியாரே தொலையியக்கியை எடுத்து, தமக்கு வேண்டிய பழைய படத்தைத் தேடிக்கொள்ளும் அளவுக்கு அது எளிது. படங்கள் ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. எங்கும் தேடிக் கிடைக்காத சில கறுப்பு வெள்ளைப் படங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன என்பதை மறைக்க மாட்டேன். ஒழுங்காகப் பணம் கட்டிப் பார்க்கும் தளங்கள் எவையும் அந்தப் பழைய படங்களை இன்றுவரை எனக்குத் தந்ததில்லை.

புதுப் படங்களின் நிலை வேறு. இணையத் தளங்களில் வெளியானவை தெளிவாக இருந்தன. திரையரங்கில் அந்த வாரம்தான் வெளியான படங்களோ, யாரோ ஒருவர் மடியில் மறைத்துவைத்துப் பதிவுசெய்த ‘தியேட்டர் பிரிண்ட்’ஆக வந்தன. சட்டகம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். முன்வரிசைத் தலைகள் எழுந்து குறுக்கே போகும். நகைச்சுவைக் காட்சியில் முகம் தெரியாத ஒருவர் நம் கூடத்திலேயே உட்கார்ந்து சிரிப்பதுபோலக் கேட்கும். இரண்டு படங்களை அப்படிப் பார்த்தேன். மூன்றாவதைப் பாதியில் நிறுத்தினேன்.

இந்த மதிப்பீட்டை எழுத வேண்டும் என்று நான் எண்ணியது சென்ற தீபாவளியன்றுதான். செந்தூலில் எங்கள் வீட்டில் நடந்த திறந்த இல்ல உபசரிப்புக்கு என் மனைவியின் அண்ணன் மகன் வந்திருந்தார். ஒலித்தொகுப்பாளராக வேலை பார்த்துச் சேமித்த பணத்தோடு நண்பர்களின் பணத்தையும் போட்டு, உள்ளூரிலேயே ஒரு முழுநீளத் தமிழ்ப் படத்தை இயக்கியவர். சிறுவர்கள் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய படத்தின் சுவரொட்டி திரையில் வந்து நின்றது. கூடத்தில் பேச்சு அடங்கிவிட்டது. எனக்குக் கையிலிருந்த முறுக்குத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தொலையியக்கியை வாங்கிப் படத்தை ஓடவிட்டு, ஒரு மழைக் காட்சிக்கு நேராகப் போய் நிறுத்திக் காதைத் தீட்டிக் கேட்டார். தகரக் கூரையில் விழும் மழையையும் வாய்க்காலில் ஓடும் நீரையும் தனித்தனியே பதிவுசெய்து, ஆறு தடங்களில் பிரித்து அமைக்க அவருக்குப் பதினோரு இரவுகள் ஆயினவாம். பெட்டியிலிருந்து வந்தது ஒரே இரைச்சல். “மாமா, இது எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற மாதிரி இருக்கிறது” என்று சொல்லிவிட்டு, அடுத்து அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: “இதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இந்தப் பெட்டியில் எங்காவது காட்டுமா?”

காட்டாது. பட்டியலையும் அமைப்புகளையும் முழுவதும் தேடிப் பார்த்தோம். இந்தச் சேவையின் பெருங்குறை என்று நான் கருதுவதும் அதுவே. திருட்டுப் பதிவைப் பற்றித் திரைப்படக்காரர்கள் பேசும்போதெல்லாம் நாம் அதை வருமான இழப்பு என்ற அளவில் புரிந்துகொண்டு, கோடிகளில் சம்பாதிப்பவர்களுக்குக் கொஞ்சம் குறைந்தால் என்ன என்று கடந்துவிடுகிறோம். இந்நாட்டு மக்கள்தொகையில் இந்தியர்கள் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. அவர்களை நம்பித் தமிழ்ப் படம் எடுப்பவருக்கு விற்ற நுழைவுச்சீட்டின் எண்ணிக்கை ஒன்றே அடுத்த முதலீட்டாளரிடம் எடுத்துச் செல்லக்கூடிய சான்று. அவருடைய படத்தை நாடெங்கும் பெட்டிகளில் ஆயிரம் குடும்பங்கள் பார்த்து ரசித்திருக்கலாம். வங்கியிலும் விநியோகஸ்தரின் மேசையிலும் ஃபினாஸ் எனும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழக அலுவலகத்திலும் அந்த ஆயிரம் குடும்பங்களுக்குக் கணக்கு இல்லை. தம் அடுத்த கதையை எழுதி முடித்து ஒன்றரை ஆண்டாகிறது, அது இன்னும் கோப்பிலேயே கிடக்கிறது என்றார் மருமகன்.

எல்லா இயக்குநர்களும் இதை ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பதையும் அவரே சொன்னார். ஜெர்மானிய இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் 2019இல் சுவிட்சர்லாந்தில் நடந்த திரைப்பட விழாவொன்றில், உலகில் மிக வெற்றிகரமான விநியோக முறை திருட்டுப் பரவல்தான் என்ற பொருள்படப் பேசி, தம் படம் வேறு வழியில் கிடைக்காதவர்கள் அப்படிப் பார்ப்பதில் தமக்கு மறுப்பில்லை என்றார். கிடைக்காத கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றி நான் மேலே எழுதியதற்கு அது பொருந்தும். ஐம்பது ஆண்டுகள் படமெடுத்துப் பெயர் நாட்டியவர் அப்படிச் சொல்லலாம், முதல் படக்காரன் சொல்ல முடியாது என்பது எங்கள் பிள்ளையின் கருத்து.

தமிழ்நாட்டில் தெரு முனைகளில் திருட்டு விசிடி விற்ற காலத்தில், 2004இல், குண்டர் தடுப்புச் சட்டத்திலேயே அந்தக் குற்றத்தைச் சேர்த்தார்கள். பார்வையாளரின் வீட்டைத் தேடித் தாமே போய்விடுவது என்று முயன்றவர்களும் உண்டு. 2013இல் கமல்ஹாசன் தம் படத்தைத் திரையரங்குக்கு முன்பே டி.டி.எச். வழியாக வீடுகளில் காட்டத் திட்டமிட்டார். திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்து நின்றார்கள். 2015இல் சேரன் தம் படத்தைக் குறைந்த விலைக் குறுவட்டாக வீட்டுக்கே கொண்டுசென்று கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். வீட்டில் உட்கார்ந்து பார்க்க விரும்புகிறவர்களைத் திருடர்களாக எண்ணாமல் வாடிக்கையாளர்களாக எண்ணிய முயற்சிகள் என்பதால் அவற்றை நான் மதிக்கிறேன்.

நம் நாட்டில் ஒருகாலத்தில் பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் பாய் விரித்துத் திருட்டுக் குறுவட்டு விற்றார்கள். 2007இல் அவற்றை மோப்பம் பிடிக்க லக்கி, ஃபுளோ என்ற இரண்டு லாப்ரடார் நாய்களை வரவழைத்தார்கள்; திருட்டு வட்டுக் கும்பல்கள் அந்த நாய்களின் தலைக்கு விலை வைத்ததாகச் செய்திகூட வந்தது. பெட்டிக்குள் இருக்கும் திருட்டை எந்த நாயும் முகர்ந்து கண்டுபிடிக்காது. ஆகவே பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, 2022 மார்ச் 18 முதல் இத்தகைய ஒளிபரப்புக் கருவிகளை விற்பதும் விநியோகிப்பதும் 10,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதமோ 20 ஆண்டுகள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாயின. இதை நான் வாங்கும் முன் அறிந்திருக்க வேண்டும். ரசீது கேட்டபோது கடைக்காரர் சிரித்ததன் பொருள் இப்போது புரிகிறது.

பதினான்காம் மாதம் பெட்டி நின்றது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்குப் போனபோது, “சர்வர் மாறிவிட்டது ஐயா, நூற்றிருபது வெள்ளி கொடுத்தால் புதியதில் ஏற்றித் தருகிறேன்” என்றார். வாழ்நாள் சந்தா என்றீர்களே என்றேன். அது அந்தச் சர்வரின் வாழ்நாள் என்று தயங்காமல் விளக்கினார்.

ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் தருகிறேன். அதுவும் மாமியாருக்குக் கிடைத்த பழைய படங்களுக்காக. நூற்றிருபது வெள்ளியை நான் கொடுக்கவில்லை. மருமகனின் படம் கட்டணம் செலுத்திப் பார்க்கும் தளமொன்றில் இருக்கிறது என்று அறிந்து, அதில் முழுவதும் பார்த்தோம். அந்த மழை தகரத்தில் ஒரு விதமாகவும் வாய்க்காலில் வேறு விதமாகவும் பெய்தது. பெட்டியை மின்கழிவுத் தொட்டியில் போடுவதற்கு முன், தொலையியக்கியில் இருந்த இரண்டு மின்கலங்களை மட்டும் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுக்கொண்டேன்.