முன்னாள் மாணவர் அறக்கட்டளைக்குப் பணம் கொடுக்கலாமா?

கோவையில் நான் படித்த கல்லூரியின் முன்னாள் மாணவர் அறக்கட்டளைக்கு வருடா வருடம் பணம் அனுப்புகிறேன். நம்பிக் கொடுக்கலாம்.

முதல் பட்டதாரிச் சலுகை, அரசு உதவித்தொகை என்று கட்டணத்துக்கு ஏதாவது வழி பிறந்துவிடும். பிள்ளைகள் திணறுவது மெஸ் பில்லில்தான். அறக்கட்டளைக்காரர்கள் அந்தப் பாக்கியை நேராக விடுதிக் கணக்கிலேயே கட்டிவிடுகிறார்கள். பல்லடத்தில் தறி ஓட்டும் ஒருவர் மகளோடு அலுவலகம் வந்திருந்தார். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர், திரும்ப எடுத்து, "இன்னொருக்கா படி கண்ணு" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆண்டுச் சந்திப்பின் விருந்துக்கும் சால்வைக்கும் தனி வசூல். உதவிப் பணத்தில் கை வைப்பதில்லை. இது ரொம்ப முக்கியம்.

குறை என்றால், வரிச் சான்றிதழ். நன்கொடைக்கான சான்றான 10பிஇ படிவத்தை மே 31க்குள் தர வேண்டும். போன் போட்டுக் கேட்ட பிறகுதான் வந்தது. வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில், கொடுத்ததில் பாதி வரிக்குரிய வருமானத்தில் கழியும், அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவே கிடையாது. அதனால் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

அப்புறம், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நண்பர்கள் அனுப்புவதானால் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான பதிவு வேண்டும். முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை.