240 டாலர் போச்சு: ப்ளாக்கை "ஆல் இன் ஒன் பேக்கேஜ்" ஆட்களிடம் கொடுக்குமுன் இதைப் படிங்க

240 டாலர். மொத்தமும் முன்பணம். பதிலுக்குக் கிடைத்தது: பாதிப் பின்னூட்டங்கள் கேள்விக்குறியாகிப்போன ஒரு தளம், திருட்டுத் தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு), செய்து கொடுத்தவர்கள் பெயரிலேயே பதிவான டொமைன் (இணைய முகவரி).

அந்தச் சேவையின் பெயரைக் கேட்காதீங்க, போடப்போவதில்லை. ப்ளாக்கர் போன்ற இலவசத் தளத்தில் இருக்கும் ப்ளாக்கைச் சொந்த டொமைனில் வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளுக்கு மாற்றி, டிசைன் செய்து, ஹோஸ்டிங்கும் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) பராமரிப்பும் சேர்த்துத் தருகிறோம் என்று சொல்லும் வகை. இவர்களிடம் போகுமுன் என்னவெல்லாம் பார்க்கணும் என்று முழுப் பட்டியலும் கடைசியில் தருகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

நம்ப வைத்தது டெமோ. ப்ளாக்கிலிருந்து ராசிக்கல் பற்றிய ஒரு பழைய பதிவை எடுத்து, அழகான எழுத்துருவில், நல்ல வரி இடைவெளியோடு காட்டினார்கள். தமிழுக்கு இந்த இடைவெளி முக்கியம். ஆங்கிலத் தீம்கள் பலவற்றில் வரி உயரம் எழுத்தளவைப் போல 1.4, 1.5 மடங்கு என்று இருக்கும். அதில் மேலே கொக்கியும் கீழே சுழியும் அடுத்த வரியோடு இடிக்கும். இவர்கள் 1.8 வைத்திருந்தார்கள். தமிழ் தெரிந்த ஆள் செய்திருக்கிறான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த ஒரு பதிவு கையால் ஒட்டியது. ஒரு பதிவை ஒட்டிக் காட்டுவதற்கும், பல வருஷத்துப் பதிவுகளைப் பின்னூட்டம், படம், இணைப்போடு இறக்குமதி செய்வதற்கும் சம்பந்தமே கிடையாது. டெமோவில் கேட்க வேண்டியது அழகு அல்ல. "ஏற்றுமதிக் கோப்பை அப்படியே போட்டு, முதல் ஐம்பது பதிவைப் பின்னூட்டத்தோடு காட்டுங்க" என்பதுதான்.

அடுத்து பணம். "பேபால்ல நண்பர்கள்-குடும்பம்னு இருக்கறதைத் தேர்வு பண்ணி அனுப்புங்க, கமிஷன் மிச்சம்" என்று தேனொழுகச் சொன்னார்கள். அந்த வகையில் போன பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. 240 டாலரும் கைக்கு எட்டாமல் போனது அந்த ஒரு தேர்வில்தான்.

தளம் வந்தது. முகப்பு ஜொலித்தது. உள்ளே போனால் பின்னூட்டங்களில் வரிசை வரிசையாக ???? மட்டும். கேட்டதற்கு வந்த பதில்: "உங்க கம்ப்யூட்டர்ல தமிழ் ஃபான்ட் இல்ல சார்." எழுத்துரு இல்லாவிட்டால் வருவது கட்டம், கேள்விக்குறி அல்ல. மறுபடி கேட்டால் "கேச் க்ளியர் பண்ணிப் பாருங்க." டேட்டாபேஸிலேயே கேள்விக்குறி உட்கார்ந்திருக்கும்போது, பிரவுசர் சேமித்து வைக்கும் பழைய நகலான கேச் என்ன செய்யும்?

காரணம் இதுதான். அவர்களுடைய சர்வரில் இறக்குமதி செய்து, அங்கிருந்து டேட்டாபேஸைத் தூக்கி இங்கே ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றிய இடத்தில் பின்னூட்ட டேபிள், தமிழுக்கு இடமே இல்லாத 'லத்தீன்1' என்ற எழுத்துக்குறி வகையில் கிடந்தது. வேர்ட்பிரஸ் 2015-லேயே 4.2 பதிப்பில் தமிழையும் தாங்கும் 'யூடிஎஃப்8எம்பி4'க்கு மாறிவிட்டது, மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கூட 8.0-வில் அதையே இயல்பாக்கிவிட்டது. இவர்கள் ஏதோ பழைய காலியான டேட்டாபேஸை மறுபடி பயன்படுத்தியிருக்க வேண்டும். தமிழ் எழுத்து ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும், திரும்ப மாற்றிவிடலாம். கேள்விக்குறியாகிவிட்டால் முடிந்தது கதை. மூன்று பைட் எழுத்து ஒவ்வொன்றும் ஒற்றைக் கேள்விக்குறியாகச் சுருங்கிவிடும். அதிலிருந்து எதையும் மீட்க முடியாது, மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஏற்றுவதைத் தவிர வழியில்லை. அந்த வேலைக்குத் தனிக் கட்டணமாம்!

இணைப்புகளும் செத்தன. ப்ளாக்கரில் தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரியில் தமிழை உதறிவிட்டு 'ப்ளாக்-போஸ்ட்', 'ப்ளாக்-போஸ்ட்_12' என்றுதான் போடும். வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து புது முகவரி செய்யும். அதிலும் ஒரு சிக்கல்: முகவரிக்கான இடம் 200 எழுத்து. தமிழின் ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறியோடு 9 எழுத்தாக நீள்வதால் 22 குறியீட்டிலேயே தலைப்பு பாதியில் வெட்டுப்படும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் 301 திருப்பம் போடுவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. இறக்குமதிச் செருகுநிரல் (ப்ளகின்) பழைய முகவரியை ஒவ்வொரு பதிவோடும் சேமித்தே வைக்கும். அதை எடுத்து ஒரு பட்டியல் போட்டால் போதும். செய்யவில்லை. "கூகுள் தானா கண்டுபிடிச்சுக்கும்" என்றார்கள்.

உச்சக்கட்டம் தீம். சோதிடத்தையும் அதிசய மருந்தையும் சந்தேகத்தோடு அலசும் ப்ளாக் இது. வாழ்க்கையைப் பற்றி நாலு எண்ணம், ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்காத நாலு கட்டுரை, அவ்வளவுதான் மொத்தமும். அதன் அடிப்பகுதியில், கண்ணுக்குத் தெரியாமல், அதிர்ஷ்டக் கல் விற்கும் பக்கங்களுக்கும் சூதாட்டத் தளங்களுக்கும் இணைப்பு! பார்வையாளருக்குத் தெரியாது, தேடுபொறிக்கு மட்டும் காட்டும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமின் பூட்டை உடைத்து இலவசமாகச் சுற்றவிடும் பதிப்புகளில் இந்த நோய் சகஜம். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் முகவரி ஆய்வு போட்டு, கூகுள் பார்த்த எச்டிஎம்எல்லைத் திறந்தால் குட்டு உடையும். தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில், மறைத்து எழுதிய நிரலைப் பிரித்து ஓடவைக்கும் 'ஈவால்', 'பேஸ்64 டீகோட்' இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் உடனே சந்தேகப்படுங்க. படங்கள் போகும் அப்லோட்ஸ் அடைவில் பிஎச்பி கோப்பு (சர்வரில் ஓடும் நிரல்) இருக்கவே கூடாது, இங்கே இருந்தது. இதைக் காட்டிக் கேட்டதற்கு, "அது செக்யூரிட்டி கோட் சார், தொடாதீங்க." 240 டாலர் வாங்கிக்கொண்டு தீமுக்கு ஒரு காசுகூடச் செலவழிக்கவில்லை.

சரி, டொமைனையாவது எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என்றால் அதுவும் அவர்கள் பெயரில். டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான குறியீட்டைக் கேட்டால், பதிவு நிறுவனம் 5 நாளுக்குள் தர வேண்டும் என்பது டொமைன்களுக்கான அமைப்பான ஐகேனின் விதி. ஆனால் கேட்கும் உரிமை டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான். பணம் கட்டியவர் யார் என்பது அங்கே கணக்கே இல்லை. "டிக்கெட் போடுங்க", "டெக்னிக்கல் டீம் பார்க்கறாங்க", அப்புறம் மௌனம். ரீஃபண்ட் என்ற சொல்லை எழுதியதும் டிக்கெட்டே மூடப்பட்டது, "தீர்க்கப்பட்டது" என்ற முத்திரையோடு.

"முழு பேக்கப்" என்று அனுப்பியது ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. அதில் பதிவும் பின்னூட்டமும் இருக்கும், அதுவும் ???? ஆகவே. படங்கள் இருக்காது, படத்தின் முகவரி மட்டுமே இருக்கும். தீம், செருகுநிரல், அமைப்புகள் எதுவும் வராது. டேட்டாபேஸின் எஸ்க்யூஎல் கோப்பும் டபிள்யூபி-கன்டென்ட் அடைவும் சேர்ந்து வந்தால்தான் அது பேக்கப்.

பட்டியல் தருகிறேன் என்றேன். இப்போது இருக்கிற கடுப்பில் இவ்வளவுதான் வரும்:

டொமைனை உங்க பெயரில், உங்க மின்னஞ்சலில், நீங்களே வாங்குங்க. வேலை செய்பவருக்கு டிஎன்எஸ் (டொமைன் எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்ற அமைப்பு) மாற்றும் அனுமதி போதும்.

தீம் வாங்கிய ரசீதைக் கேளுங்க. இல்லை என்றால் வேர்ட்பிரஸ் தளத்திலேயே கிடைக்கும் இலவசத் தீமும் ஒரு சைல்டு தீமும் (மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீம்) போதும்.

முழுத் தொகையை முன்னால் கொடுக்காதீங்க. 240 டாலர், நண்பர்-குடும்பம், போயே போச்சு.

"பழைய ப்ளாக்கை அழிச்சிடுங்க, டூப்ளிகேட் ஆகும்" என்பார்கள். அழிக்காதீங்க. புதுத் தளத்தில் தெரியும் படங்கள் இன்னும் பழைய சர்வரிலிருந்தே வந்துகொண்டிருக்கலாம். ஒரு படத்தின் மேல் வலது சொடுக்கு போட்டு முகவரியைப் பாருங்க, தெரிந்துவிடும்.