குன்னூர் - கோத்தகிரி சாலை நர்சரி: புரோமிலியாட் செடிகள் அருமை, பெயர்ச்சீட்டுதான் சரியில்லை

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில், தேயிலைச் சரிவை ஒட்டி நிழல்வலை கட்டிய நர்சரி. ஃபுக்சியா, ஃபெர்ன், ஆர்க்கிட் எல்லாம் உண்டு என்றாலும் இங்கே பேசப்போவது உள்வரிசையில் இருக்கும் புரோமிலியாட்களை, அதாவது அன்னாசியின் சொந்தக்காரர்களைப் பற்றி மட்டும்.

செடிகளின் தரத்தில் குறையே இல்லை. இலை அகலமாக, நிறம் ஏறி, அடியில் பூச்சியில்லாமல் இருக்கின்றன. சமவெளிப் பசுமைக்குடிலில் வளர்த்து அப்படியே லாரியில் ஏற்றிய செடி இல்லை, மலைக் குளிருக்குப் பழக்கியது என்பது பார்த்தாலே தெரிகிறது. சிக்கல் பெயர்ச்சீட்டில்தான். கஸ்மேனியா, நியோரெஜீலியா, ஏக்மியா, பில்பெர்ஜியா, டில்லாண்ட்சியா ஐந்துக்கும் ஒரே சீட்டு: ‘புரோமிலியாட், இன்டோர், வாரம் ஒருமுறை தண்ணீர்’. இதை நம்பி வளர்த்தால் ஐந்தில் இரண்டு மூன்றாவது போய்விடும்.

சுமார் 80 பேரினம், சுமார் 3,700 இனம் கொண்ட குடும்பம் இது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் வளரும் ஒரே ஒரு பிட்கெய்ர்னியாவைத் தவிர மற்றதெல்லாம் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. மழைக்காட்டு மரக்கிளையில் தொற்றி வளர்வதும் உண்டு. பெரு நாட்டுக் கடலோரப் பாலை மணலில் வேரே இல்லாமல் மூடுபனியைக் குடித்துக் கிடப்பதும் உண்டு. ஆண்டிஸ் மலையில் ஆள் உயரத்தைப் போல் பல மடங்கு பூந்தண்டு விடும் புயாவும் உண்டு. முன்பு விதையையும் காயையும் வைத்து மூன்று துணைக்குடும்பம் என்றார்கள். டிஎன்ஏ ஆய்வுக்குப் பிறகு, 2007-இல் அது எட்டாகப் பிரிந்தது.

கடையில் நிற்பவருக்கு எட்டும் தேவையில்லை, இரண்டு போதும். இலை விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் டில்லாண்ட்சியா வகையறா. கஸ்மேனியாவும் வ்ரீசியாவும் இதில் சேர்த்தி. விதையில் பஞ்சு இருக்கும், காற்றில் பறக்கும். ரம்பம் போல முள் தட்டினால் பெரும்பாலும் அன்னாசி வகையறா. நியோரெஜீலியா, ஏக்மியா, பில்பெர்ஜியா எல்லாம் இந்தப் பக்கம். காய் சதைப்பற்றாக இருக்கும், பறவை தின்று விதை பரப்பும்.

குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் கையைச் சுடும். கஸ்மேனியாவுக்கு இரவு வெப்பம் 12 டிகிரிக்குக் கீழே போனால் ஆகாது. குன்னூரில் ஜன்னலோரம் வைத்துச் சமாளிக்கலாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் டிசம்பர், ஜனவரி உறைபனியில் வெளியே வைத்தால் குருத்து கறுத்துவிடும். பில்பெர்ஜியா நூட்டன்ஸ் லேசான உறைபனியைக்கூடத் தாங்கும். இந்தக் கடையில் மலிவாகக் கிடைப்பதும் அதுதான். யாரும் ஏறெடுத்துப் பார்க்காத மூலையில் கிடக்கிறது. ஊட்டிக்காரர்கள் முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான்.

தண்ணீர் விஷயத்தில் சீட்டு இன்னும் மோசம். கிண்ணம் போல இலை அடுக்கிய வகைகளுக்கு நடுக்குழியில் இரண்டு விரற்கடை நீர் நிற்க வேண்டும், ஆனால் அதே நீர் கிடக்கக் கூடாது. வாரம் ஒருமுறை செடியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் புது நீர் விடுங்கள், கொசுப்புழுவும் போய்விடும். அடைமழையில், குளிரோடு நீர் தேங்கினால் குருத்தழுகல் வரும். நடு இலையை மெல்ல இழுத்தால் கையோடு வந்து நாறினால் செடி முடிந்தது என்று அர்த்தம். காற்றுச்செடி என்று விற்கும் டில்லாண்ட்சியாவுக்குக் குழியும் இல்லை, மண்ணும் வேண்டாம். சாம்பல் பூத்தது போலத் தெரிவது தூசி இல்லை, நீர் உறிஞ்சும் செதில்கள், துடைக்காதீர்கள். இவை இரவில்தான் இலைத்துளை திறந்து மூச்சுவிடும். எனவே காலையில் நனைத்து, தலைகீழாக உதறி, நான்கு மணி நேரத்துக்குள் காயவிட வேண்டும். மாலையில் நனைத்தால் இரவெல்லாம் மூச்சடைத்துக் கிடக்கும்.

கடைக்காரரிடம் சண்டை போட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. காற்றுச்செடிகளைப் பளபளப்பான செப்புக் கம்பியால் மரக்கட்டையில் கட்டி வைத்திருக்கிறார்கள். பார்வைக்கு அழகுதான், ஆனால் இந்தக் குடும்பத்துக்கே தாமிரம் நஞ்சு. வாங்கியதும் கம்பியை அவிழ்த்துவிட்டு மீன்பிடி நரம்பால் கட்டுங்கள். இதே காரணத்தால், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டுக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் தேயிலையில் வரும் கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிர மருந்து அடிப்பார்கள். மருந்துச் சாரல் காற்றில் வந்து நடுக்குழியில் விழுந்தால், வெளி இலை பச்சையாக இருக்கும்போதே குருத்து கருகும். அடிக்கும் நாளில் உள்ளே எடுத்து வையுங்கள், முடியாவிட்டால் உடனே கழுவிவிடுங்கள். தாமிரம் கலந்த போர்டோ கலவையும் தெளிக்கக் கூடாது.

தொட்டி மண்ணும் மாற்ற வேண்டியதே. செம்மண்ணும் எருவும் கலந்து நட்டிருக்கிறார்கள்; மழையில் இறுகி வேர் அழுகும். தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, கரித்துண்டு ஒரு பங்கு, சின்ன ஜல்லி ஒரு பங்கு போதும். மட்டையை ஒரு நாள் ஊறவைத்து நீரை இரண்டு முறை மாற்றினால் உப்பு இறங்கிவிடும். கிண்ண வகைகளுக்கு வேர் பெரும்பாலும் பிடிமானத்துக்குத்தான். ஐந்து அங்குலத் தொட்டியைத் தாண்ட வேண்டாம்.

முன்வரிசையில் சிவப்பாகப் பூத்து நிற்கும் கஸ்மேனியாதான் அதிகம் விலை போகிறது. அந்த நிறம் இரண்டு மூன்று மாதம் நிற்கும், உண்மை. ஆனால் பூத்த தாய்ச்செடி மறுபடி பூக்காது. பக்கக்கன்று விட்டுவிட்டு மெல்ல வாடும். அதைச் செடி செத்துப்போச்சு என்று குப்பையில் போடுபவர்கள் ஏராளம். கன்று தாயில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்ததும் கத்தியால் வெட்டி நட்டால் போதும். பணத்துக்கு மதிப்பு வேண்டுமென்றால், அடியில் கன்று எட்டிப் பார்க்கும் பூக்காத செடியாக எடுங்கள். முதிர்ந்த ஏக்மியாவைப் பழுத்த ஆப்பிளோடு ஒரு பையில் பத்து நாள் மூடி வைத்தால் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயுவால் சில வாரங்களில் பூ எடுக்கும். மூடும் முன் குழி நீரைக் கொட்டிவிட வேண்டும்.

ஒரு சில தொட்டிகளில் மட்டும் அறிவியல் பெயர் எழுதியிருக்கிறது, அதுவும் பழையது. ‘வ்ரீசியா ஸ்ப்ளெண்டென்ஸ்’ 2016-இல் லூதெரியா ஆகிவிட்டது. ‘டில்லாண்ட்சியா சயனியா’ இப்போது வாலிசியா. இது தவறு என்று சொல்ல மாட்டோம், உலகம் முழுக்க வியாபாரத்தில் பழைய பெயரே ஓடுகிறது. அந்த அளவுக்காவது மற்றத் தொட்டிகளிலும் எழுதி வைக்கலாம்.

பார்சல் வசதி உண்டு, தாள் சுற்றி அட்டைப்பெட்டியில் நன்றாகவே கட்டுகிறார்கள். நடுக்குழி நீரை வடித்துவிட்டுக் கட்டச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் செய்வதில்லை.