1966 மஸ்டாங்கும் அதன் 289 என்ஜினும்: 11 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

டெட்ராய்ட்டின் புறநகர் ஒன்றில் வசிக்கும் நான், 1966ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை 11 ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். இரண்டு கதவு, மடங்காத இரும்புக் கூரை, 289 கன அங்குல வி8 என்ஜின் (இரு வரிசையில் நான்கு நான்காக எட்டு சிலிண்டர்), மூன்று கியர் ஆட்டோமேட்டிக். சாலையில் உப்புக் கொட்டும் பனிக்காலம் முழுவதும் அது கராஜில் நிற்கும். மே முதல் அக்டோபர் வரை வாரத்துக்கு இரண்டு முறையாவது வெளியே எடுப்பேன். இதுவரை 22,000 மைல், அதாவது ஏறத்தாழ 35,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். ஓடோமீட்டரில் ஐந்து இலக்கமே உண்டு. லட்சம் மைல் தாண்டினால் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆகவே என் கைக்கு வருமுன் வண்டி எவ்வளவு ஓடியது என்று மீட்டரைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வண்டி முழுவதையும் சேர்த்தே கொண்டாடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. 1966இல் நான் பிறக்கவே இல்லை. இந்த ஊரில் எனக்கு இளமை நினைவும் கிடையாது. பள்ளி நாட்களில் அம்பாசடரின் சோக் குமிழை இழுத்துப் பார்த்ததுதான் எனக்கிருந்த பழைய கார் அனுபவம். அதனால்தானோ என்னவோ, இந்த வண்டியில் எது ஏக்கப்படத் தகுந்தது, எது வெறும் பழசு என்று பிரித்துப் பார்ப்பது எனக்கு எளிதாக இருக்கிறது. என்ஜின் ஏக்கப்படத் தகுந்தது. பிரேக், பாதுகாப்பு, தண்ணீர் புகாமல் கட்டப்பட்ட விதம் ஆகியவற்றில் எதற்கும் ஏங்க வேண்டியதில்லை.

மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. அடிப்படை விலை 2,368 டாலர். 1966 மாடல் மட்டும் 6 லட்சத்துக்கும் மேல் விற்றது. அவ்வளவு விற்றதால்தான் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரருக்கும் இது எட்டுகிறது. அவ்வளவு விற்றதால்தான் பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் நான்கு பேரில் ஒருவராவது தம் அக்காவின் மஸ்டாங்கைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். இந்த 11 ஆண்டுகளில் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று என்னிடம் கேட்டவர் யாருமில்லை. எல்லோரும் கேட்பது, “உள்ளே அதே பழைய என்ஜின்தானா?” என்பதே. ஆம் என்றதும் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள்.

திறந்தால் என்ன தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். நடுவில் நீல வண்ணம் பூசிய வட்டமான ஏர் ஃபில்டர் மூடி, அதன் உச்சியில் ஒரே ஒரு விங் நட். அதைக் கையால் சுழற்றி மூடியை எடுத்தால் கீழே பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் ஆட்டோலைட் 2100 கார்புரேட்டர் இருக்கிறது. அதன் இரண்டு தொண்டைகளுக்குள்ளும் பெட்ரோல் சிந்துவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி ஸ்பார்க்கை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் என்ஜினின் முன்பக்கம் இருப்பது பெரிய வசதி. அதே காலத்துச் செவ்ரலே வி8இல் அது பின்பக்கம், டாஷ்போர்டுச் சுவரை ஒட்டி இருப்பதால், ஃபெண்டரின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டுதான் அதனுள் மின்சுற்றைத் திறந்து மூடும் பாயின்ட்டைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். மஸ்டாங்கில் நின்றபடியே செய்துவிடலாம். ஸ்பார்க் பிளக் விஷயத்தில் மட்டும் நிலைமை தலைகீழ்: இருபுறமும் சஸ்பென்ஷன் கோபுரங்கள் நெருக்குவதால், பிளக் மாற்றும் நாளில் விரல் முட்டியில் தோல் போகாமல் நான் வெளியே வந்ததில்லை.

வண்டி நகராமல் நிற்கும்போது இந்த என்ஜின் எழுப்பும் ஐடிலிங் ஓசையைப் பற்றிக் கவித்துவமாக நிறையப் பேசப்படுகிறது. அதற்குத் தெளிவான காரணம் உண்டு. காரணம் தெரிந்த பிறகு எனக்கு அந்த ஓசை இன்னும் பிடித்துப் போனது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள், அதாவது 720 டிகிரிக்குள், எட்டு சிலிண்டரும் ஒருமுறை வெடித்தாக வேண்டும். ஆக 90 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. மொத்தமாகப் பார்த்தால் சீரான தாளம்தான். ஆனால் 289இல் வெடிப்பு வரிசை 1-5-4-2-6-3-7-8. ஒன்று முதல் நான்கு வரையுள்ள சிலிண்டர்கள் வலப்பக்கமும், ஐந்து முதல் எட்டு வரையுள்ளவை இடப்பக்கமும் இருக்கின்றன. வலப்பக்கத்தை மட்டும் தனியே எண்ணினால் வெடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி 180, 90, 180, 270 டிகிரி என்று வருகிறது. ஒரு நிதானம், ஒரு அவசரம், மீண்டும் ஒரு நிதானம், பிறகு ஒரு நீண்ட மூச்சு. இடப்பக்கமும் அப்படியே, வேறொரு புள்ளியில் தொடங்கி. என் வண்டிக்கு முந்தைய உரிமையாளர் இரு பக்கத்துக்கும் தனித்தனிச் சைலன்சர் குழாய் போட்டிருந்ததால், இந்த நொண்டித் தாளம் வலத்திலும் இடத்திலும் மாறி மாறிக் கேட்கும்.

காலையில் கிளப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆக்சிலேட்டரை ஒருமுறை தரைவரை அழுத்தி விட வேண்டும். அப்போதுதான், காற்றைக் குறைத்துக் குளிர்ந்த என்ஜினைக் கிளப்ப உதவும் தானியங்கிச் சோக் மூடிக்கொள்ளும். இரண்டு நாளுக்கு மேல் நின்றிருந்தால் இன்னும் இரண்டு அழுத்து. சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுழலும். எக்ஸாஸ்ட் சூட்டை வாங்கிக்கொண்டு சோக்கின் சுருள் தகடு மெல்ல விரியும் வரை ஓரிரு நிமிடம் காத்திருந்து, பிறகு ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டினால் ஓசை ஒரு படி இறங்கும். கராஜ் முழுவதும் எரியாத பெட்ரோலின் வாடை நிற்கும். அது நல்லதல்ல என்பதும், 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் ஒழிக்க முனைந்தது இத்தகைய புகையைத்தான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாடை இல்லாத காலையை வண்டியோடு சேர்த்து நினைத்துப் பார்க்க என்னால் முடிவதில்லை.

இந்த என்ஜினைக் காதால் படிக்க முடியும் என்பதை எனக்குக் காட்டியவர், என்ஜின் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர். வாங்கிய முதல் கோடையில் ஐடிலிங் தடுமாறியது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றி மாட்டியும் பலனில்லை. வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், “அணைக்காதீர்கள், அப்படியே ஓடட்டும்” என்று சொல்லிவிட்டு, ஒரு முழ நீள ரப்பர் குழாயோடு வந்தார். குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை கார்புரேட்டரின் அடிப்பாகத்தைச் சுற்றி மெதுவாக நகர்த்தினார். ஓர் இடத்தில் நிறுத்தி என் காதில் கொடுத்தார்: சைக்கிள் டியூபில் ஊசி ஓட்டை விழுந்தது போன்ற சீறல். காற்றுப் புகாமல் அடியில் வைக்கும் கேஸ்கெட்டின் மூலை வழியே என்ஜின் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. சில டாலர் கேஸ்கெட். அரைமணி நேர வேலை. அன்றிலிருந்து ஸ்பேனரை எடுப்பதற்கு முன் குழாயை எடுக்கிறேன்.

நான்காம் ஆண்டில் நவீனமாக்கும் ஆசையில், பாயின்ட்டையும் கண்டென்சரையும் எடுத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினேன். இரண்டு ஆண்டு அருமையாக ஓடியது. ஜூலை மாத வெயிலில், நெடுஞ்சாலையின் நடுப் பாதையில், எந்த முன்னறிவிப்புமின்றி ஸ்பார்க் நின்றது. பாயின்ட் அப்படிச் செய்வதில்லை: அது தேயத் தேய இடைவெளி குறுகி, இழுவை மந்தமாகி, ரேஸ் கொடுக்கும்போது மிஸ்ஸிங் காட்டி, பல நாள் முன்பே புகார் சொல்லிவிடும். பழையபடி பாயின்ட்டுக்கே திரும்பிவிட்டேன். இடைவெளி 0.017 அங்குலம், ஒரு ஃபீலர் கேஜும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போதும். உபரியாக ஒரு ஜோடி டாஷ்போர்டுப் பெட்டியிலேயே இருக்கிறது. இதைப் பிற்போக்கு என்பவர்களோடு நான் வாதிடுவதில்லை. சாலையோரத்தில் என்னால் பழுது பார்க்க முடிவது எதுவோ அதுவே எனக்கு நம்பகமானது.

சக்தியைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. இந்த 4.7 லிட்டர் என்ஜினுக்கு 200 குதிரைத்திறன் என்று எழுதியிருக்கும். ஆனால் அது சைலன்சர் முதலிய துணைப்பாகங்களின் சுமை இல்லாமல் என்ஜினை மேடையில் நிறுத்தி அளந்த அன்றைய கணக்கு. 1972 மாடல்களிலிருந்துதான் எல்லாம் பொருத்திய நிலையில் அளந்து சொல்லத் தொடங்கினார்கள். இன்றைய நான்கு சிலிண்டர் குடும்பக் கார் சிக்னலில் இதைச் சாதாரணமாக முந்திவிடும். இதன் இன்பம் வேறிடத்தில் இருக்கிறது: சிலிண்டரின் விட்டம் 4 அங்குலம், பிஸ்டன் நகரும் தூரம் 2.87 அங்குலம்தான், அகலமான, குட்டையான இந்த அமைப்பால் என்ஜின் சிரமமில்லாமல் சுழல்கிறது. மணிக்கு 50 மைலில் கால் வெறுமனே பெடலின் மேல் கிடக்கும். பெட்ரோல் செலவு கேலனுக்கு 15 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 6 கிலோமீட்டர்.

இன்றைய பெட்ரோலோடு இதற்கு ஒத்துப்போவதில்லை. பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை மிட்டாய் போல இளக்கிவிட்டது, எல்லாவற்றையும் மாற்றினேன். வெயிலில் ஓடி நின்றவுடன் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து, கால்மணி நேரம் கிளம்பாமல் அடம்பிடிக்கும். பெட்ரோல் குழாயில் துணி மாட்டும் மரக் கிளிப்புகளை வரிசையாகச் செருகினால் சரியாகும் என்று பல பெரியவர்கள் சொன்னார்கள்; நானும் செருகினேன்; குழாய் அழகாக இருந்தது, அவ்வளவுதான். கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத தடிப்புத் தகடு ஒன்றை வைத்ததும் தொல்லை பெரிதும் தணிந்தது. ஆயிலிலும் கவனம் வேண்டும்: புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக இன்றைய ஆயில்களில் துத்தநாகச் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள், வால்வுகளைத் திறக்கும் இதன் கேம் ஷாஃப்டுக்கோ தேயாமலிருக்க அது வேண்டும். அதற்கென்றே விற்கும் ஆயிலை ஆண்டுக்கு ஒருமுறை ஊற்றுகிறேன்.

உதிரிபாகத்துக்கு ஒருநாளும் அலைந்ததில்லை. 289இன் வழிவந்த 302 என்ஜின், ஃபோர்டின் எக்ஸ்ப்ளோரர் வண்டியில் 2001 வரை வந்துகொண்டிருந்தது என்பது அதற்கு ஒரு காரணம்.

இனி ஏங்கத் தேவையில்லாதவை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பிரேக் திரவத்தைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே ஒரு சுற்று. எங்கே ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரண்டாம் ஆண்டில், பின் சக்கரச் சிலிண்டரின் கிழட்டு ரப்பர் விட்டுக்கொடுக்க, ஒரு பள்ளியருகே பெடல் தரையைத் தொட்டது. ஹேண்ட் பிரேக்கும் ஏற்றச் சாலையும் சேர்ந்து காப்பாற்றின. அந்த வாரமே முன்பக்கம் டிஸ்க்கும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் மாட்டினேன். இடுப்பை மட்டும் சுற்றும் சீட் பெல்ட்டை நீக்கித் தோள்பட்டை பெல்ட்டும் போட்டேன். பெட்ரோல் டேங்கின் மேல்தகடே டிக்கியின் தரை என்பதற்கு மட்டும் இன்னும் நிம்மதியான வழி காணவில்லை. பின்னால் லாரி நெருங்கி வந்தால் இன்றும் பார்வை ரியர்வியூ கண்ணாடிக்குப் போகும். அசல் தன்மை கெடுகிறதே என்று வருந்துபவர்கள், அந்தப் பள்ளிச் சாலையில் என்னோடு இருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் மாதத்தில் டெட்ராய்ட் பகுதியின் உட்வர்ட் சாலையில் பழைய வண்டிகளின் அணிவகுப்பு நடக்கிறது, 1995இல் தொடங்கியது. ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டே எந்த என்ஜின் வருகிறது என்று பந்தயம் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று ஊர்வலம் நகர்வதே இல்லை. வெப்பமானி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று முறை போனேன். இப்போது நானும் நாற்காலிதான்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என்ஜினைக் கேட்டு மயங்குவதற்கு முன் ஒரு செம்பு தண்ணீர் கேளுங்கள். முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவிலுள்ள காற்றுத் துளைகளில் அதை ஊற்றிவிட்டு, உள்ளே குனிந்து கால்மிதியைத் தடவிப் பாருங்கள். அந்தத் தகடுகளுக்கு அடியிலுள்ள பெட்டியில் இலையும் மண்ணும் தங்கித் துருப்பிடித்தால், மழைநீர் நேராக ஓட்டுநரின் பாதத்தில் சொட்டும். சரிசெய்ய வேண்டுமானால் பற்றவைப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்து மேல்தகட்டையே பெயர்த்தெடுக்க வேண்டும். இந்த 11 ஆண்டுகளில் நான் செய்த மிகப் பெரிய செலவு அதுதான். என்ஜினுக்குச் செலவழித்த மொத்தத்தைவிட அதிகம். வாங்கிய அன்று விற்றவர் என்ஜினைக் கிளப்பிவிட்டுச் சும்மா நின்றார். நான் தண்ணீர் கேட்கவில்லை.