கோல்ஃப் ரிசார்ட்டில் தங்க: ஒதுக்குப்புற பூட்டிக் ஓட்டலா, கிளப் ஹவுஸை ஒட்டிய பெரிய ஓட்டலா?

பெரிய கோல்ஃப் ரிசார்ட்டுகள் பலவற்றில் இரண்டு வகைத் தங்குமிடம் உண்டு. கிளப் ஹவுஸ் வாசலிலேயே நூற்றுக்கணக்கான அறைகளோடு பெரிய ஓட்டல். மைதானத்தின் கோடியில், மரங்களுக்கு நடுவே இருபது முப்பது அறைகள் மட்டும் கொண்ட பூட்டிக் ஓட்டல். வாடகையை ஒப்பிடுவதற்கு முன்னால், அறையிலிருந்து முதல் டீ (ஆட்டத்தின் முதல் பந்தை அடிக்கும் இடம்) எவ்வளவு தூரம் என்று கேளுங்கள்.

காலை ஆறரை மணிக்கு டீ டைம் (ஆட்டத்தைத் தொடங்க உங்களுக்கு ஒதுக்கிய நேரம்) என்று வைத்துக்கொள்வோம். பந்தடித்துப் பழகும் ரேஞ்சில் அரை மணி நேரம், பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங் பழக்கத்துக்குப் பத்து நிமிடம் வேண்டும். பெரிய ஓட்டலில் ஐந்தே முக்காலுக்கு அறையை விட்டு நடந்தால் போதும். பூட்டிக்கில் பேட்டரி வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். வண்டி இரண்டுதான் இருந்து, ஒரே நேரத்தில் நான்கு அறைகள் கூப்பிட்டால் காலை கெட்டது. குழுவுக்குக் குழு எட்டு முதல் பத்து நிமிட இடைவெளிதான் விடுவார்கள். உங்கள் முறை போனால் அடுத்த காலியிடம் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் வண்டியையும் பொட்டலம் கட்டிய காலை உணவையும் முந்தின இரவே சொல்லிவையுங்கள். கோல்ஃப் பையை வந்த அன்றே கிளப் ஹவுஸில் விட்டுவிடுங்கள். பதினான்கு மட்டைகளோடு அதை அறைக்கும் மைதானத்துக்குமாக இழுப்பது வீண் வேலை.

ஆட்டம் முடிந்த பிறகு நிலைமை தலைகீழ். பதினெட்டுக் குழிகளுக்கு நான்கு, நாலரை மணி நேரம் ஆகிவிடும். நடந்தே ஆடினால் எட்டு கிலோமீட்டராவது இருக்கும். அந்த அலுப்போடு வருகிறவருக்குக் கூட்டமில்லாத நீச்சல் குளமும், முகம் தெரிந்து கவனிக்கும் ஊழியர்களும் பெரிய ஆறுதல். இங்கே பூட்டிக்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் உணவகம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. மூன்றாம் இரவில் அதே மெனு சலித்துவிடும். ஆடாத துணைவரோ பிள்ளைகளோ உடன் வந்தால் பெரிய ஓட்டல்தான் சரி. சில பூட்டிக்குகளில் சிறுவர்களுக்கு அனுமதியே இல்லை.

ஒதுக்குப்புறம் என்றாலே நிசப்தம் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் ஆட்டக்காரர் வருவதற்குள் கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) புல் வெட்டி முடிக்க வேண்டும்; அதனால் கிரீனை ஒட்டிய அறையில் விடியுமுன்பே இயந்திரச் சத்தம் கேட்கும். ஃபேர்வேயை (டீக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள புல்வெளி) ஒட்டிய அறைக்கு வேறு தொல்லை. வலக்கையால் ஆடுகிற பழகுநர்களின் பந்து பெரும்பாலும் வலப்பக்கம் வளைந்து போகும். டீயில் நின்று பார்த்தால் வலக்கைப் பக்கம், 150 முதல் 220 மீட்டர் தூரத்தில் இருக்கும் வராந்தாவில் நிம்மதியாக உட்கார்ந்து காபி குடிக்க முடியாது. இடப்பக்கமோ, டீக்குப் பின்னாலோ இருக்கும் அறைகள் எவ்வளவோ மேல்.

எங்கே தங்கினாலும், கிரீன்களில் துளை போட்டு மணல் தூவும் பராமரிப்பு எப்போது என்று கேட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் பந்து சீராக உருளாது. பூட்டிக்தான் என்று முடிவு செய்தால், பணம் கட்டுமுன் உங்கள் அறையை மைதான வரைபடத்தில் குறித்து அனுப்பச் சொல்லுங்கள். வெறுமனே ‘ஃபேர்வே வியூ’ என்று மட்டும் பதில் வந்தால், எத்தனையாவது குழி, எந்தப் பக்கம் என்று திரும்பக் கேளுங்கள்.